மஞ்சள் கருவோடு தினமும் நாலு முட்டை, சரியா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். திருகோணமலை உவர்மலையில் இருந்து எழுதுகிறேன். ஜிம்முக்குப் போகத் தொடங்கி எட்டு மாதம், நிறை 68 கிலோ. காலையில் நாலு முட்டை அவித்து முழுதாகச் சாப்பிட்டு வந்தேன். ஜிம்மில் ஒரு அண்ணா, "மஞ்சளை எறி, வெள்ளை மட்டும் போதும்" என்றார். அப்படியே மூன்று நாள் செய்தேன். கோப்பையில் கிடந்த மஞ்சள் உருண்டைகளைப் பார்த்துவிட்டு அம்மா, "காசு குடுத்து வாங்கினதை நாய்க்கோ போடுறாய்?" என்றா.

ஒரு பெரிய முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானது மஞ்சளில்தான் இருக்கிறது. விற்றமின் டியும், கோலீன் என்ற சத்தும் அதில்தான். சரி, கொலஸ்ட்ரோலும் அதில்தானே, ஏறக்குறைய 186 மில்லிகிராம். நாளுக்கு 300 மில்லிகிராம் என்ற எல்லையை அமெரிக்க உணவு வழிகாட்டி 2015 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அப்பா கொலஸ்ட்ரோலுக்குக் குளிசை போடுகிறவர், அதுதான் யோசனை. சொதியும் தேங்காய்ச் சம்பலும் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு நேரமும் போகாது, அது வேறு.

நீண்ட காலம் முழு முட்டை சாப்பிட்டு இரத்தம் சோதித்தவர்கள் இருந்தால், எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரோல்) ஏறினதா என்று சொல்லுங்கள். இரண்டு முழு முட்டை, இரண்டு வெள்ளைக்கரு என்று மாற்றி, மிச்சத்துக்குச் சூரை மீன் எடுத்தால் சரிவருமா?