5600எக்ஸ் ஓவர்கிளாக்: இரவில் ஓடுது, பின்னேரம் நீலத் திரை. கூலர் மாத்தவா?

கடலோரன்:
வணக்கம். சிபியூ ரைசன் 5 5600எக்ஸ், பி550 மதர்போர்ட், டிடிஆர்4 8 ஜிபி ரேம் நான்கு. இரண்டு புதிது, இரண்டு கூட்டாளி பாவித்துவிட்டுத் தந்தது. நான்கிலும் வேகம் 3600 என்றுதான் ஸ்டிக்கர் இருக்கு. எக்ஸ்எம்பி (ரேமை ஸ்டிக்கர் வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஓன் பண்ணி, ஓவர்கிளாக்காக, அதாவது வழமையை விட வேகமாக ஓட, சிபியூவின் எல்லாக் கோரையும் 4.6 கிகாஹெர்ட்ஸ், 1.3 வோல்டில் வைத்தேன். சிபியூவை முழுதாக வேலை வாங்கும் சினிபெஞ்ச் டெஸ்ட் அரை மணி நேரம் ஓடியது, 80 பாகை தாண்டவில்லை. இரவு 11 மணிக்குப் பிறகு கேம் விளையாடினால் ஒரு குறையும் இல்லை. பின்னேரம் 3 மணிக்கு உட்கார்ந்தால் 20 நிமிடத்தில் மெமரி மேனேஜ்மென்ட் என்று நீலத் திரை. வெள்ளவத்தையில் கடல் பக்கம் மேற்கு ஜன்னல் அறை, ஏசி இல்லை.

ஃபேன்காரன்:
வெக்கைதான் காரணம். 240 மில்லிமீட்டர் லிக்விட் கூலர் போடுங்க.

பழைய போர்ட்:
தம்பி, அவசரப்பட்டுக் காசை விடாதீங்கள். அந்தச் சிப்புக்கு எல்லை 95 பாகை, 80 ஒரு பெரிய சூடே இல்லை. சிபியூவையும் ரேமையும் ஒரே நாளில் ஏற்றியதால்தான் யார் கள்ளன் என்று தெரியவில்லை. சிபியூவை ஸ்டொக்கில், அதாவது கம்பனி வைத்த வேகத்தில் விட்டு, எக்ஸ்எம்பியை மட்டும் வைத்து, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட்டுங்கள். நான்கு சுற்றுக்கு நேரம் பிடிக்கும், காலை 11 மணிக்கே தொடங்கினால்தான் வெயில் நேரம் அதற்குள் வரும். முக்கிய ஃபைல்களை முதலில் வேறு டிஸ்க்கில் எடுத்துவையுங்கள். கெட்ட ரேம் படங்களையும் பாடக் குறிப்பையும் சத்தமில்லாமல் கெடுத்துவிடும், எனக்கு நடந்தது.

கடலோரன்:
அண்ணா சொன்னது சரி. மூன்றாவது சுற்றில் 17 எரர். இரவில் சுத்தம். சோடி சோடியாகப் போட்டால் இரண்டு சோடியும் பாஸ். நான்கும் சேர்ந்தால்தான் பிரச்சினை.

பழைய போர்ட்:
அப்ப ரேமில் பழுது இல்லை. 3600 என்பது ஒரு பெட்டியில் வந்த சோடிக்குச் சொன்ன கணக்கு. வெவ்வேறு பெட்டியில் வந்த சோடிகளைக் கலந்தால் அந்த வாக்கு செல்லாது. சிப்பைச் செய்த ஏஎம்டியே இந்தச் சிப்புக்கு அதிகபட்சமாகச் சொல்வதே 3200, அதுவும் நான்கு குச்சி போட்டால் இன்னும் குறைவு. வெக்கையும் சேர்ந்தால் விளிம்பில் நிற்பது விழத்தானே செய்யும்? ரேமை 3466 வைத்து, சிபியூவுக்குள் பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கை அதில் பாதி, 1733 ஆக்குங்கள், ரேமைக் கவனிக்கும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்ட் 1.1 போதும். அதிலும் எரர் வந்தால் 3200, ஃபேப்ரிக் 1600. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தால் வேகம் பெரிதாக அடிபடாது. இன்னொன்று, மெம்டெஸ்டில் கிராபிக்ஸ் கார்ட் சும்மா கிடக்கும். கேமில் அதன் சுடுகாற்று நேரே ரேமில் அடிக்கும். டெஸ்ட் பாஸானாலும் பின்னேரம் விளையாடிப் பார்த்துத்தான் நம்புங்கள்.

4.6ஐயும் கழற்றிவிடுங்கள். ஒரு கோருக்கு வேலை வந்தால் அந்தச் சிப் தானாகவே 4.6 வரை போகும். சிப் தானாக வேகம் ஏற்ற இடம் கொடுக்கும் பிபிஓவை ஓன் பண்ணி, வோல்டைக் கொஞ்சம் குறைக்கும் கர்வ் ஒப்டிமைசரில் மைனஸ் 10 வைத்துப் பாருங்கள்.

கடலோரன்:
3466இலும் இரண்டு எரர். மூன்று நாளாக 3200இல் ஓடுது. நடுவில் ரேம் டைமிங்கைக் கை வைக்கப்போய் திரையே வரவில்லை. செட்டிங் அழிய மதர்போர்டின் பட்டன் பற்றரியைக் கழற்றி ஐந்து நிமிடம் வைத்துத்தான் மீட்டேன். நேற்று சனிக்கிழமை 2 மணியிலிருந்து 5 மணிவரை விளையாடினேன், விழவில்லை. கேஸின் பக்கத்துத் தகட்டைத் திறந்து அம்மாவின் மேசை ஃபேனை வைத்திருக்கிறேன்.

பழைய போர்ட்:
ஃபேனை அம்மாவிடம் திருப்பிக் குடுங்கள். முன்பக்கம் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று போட்டால் போதும், தகட்டையும் மூடுங்கள். கடற்காத்து உப்பு உள்ளே போனால் அது வேற கதை.