புல்மோட்டை மணலில் சீரியம் அளந்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் வருகிறது, உதவி தேவை

பொகவந்தலாவைத் தம்பி:
பேராதனையில் இறுதி வருடம் படிக்கிறேன். புல்மோட்டைக் கறுப்பு மணலில் சீரியம் முதலான அருமண் தனிமங்களை அளப்பதுதான் என் செயற்திட்டம். மணலை அப்படியே 50 மில்லிகிராம் நிறுத்து, ஐதரோபுளோரிக், நைத்திரிக் அமிலங்கள் விட்டு, தெப்லோன் கிண்ணத்தில் இரவு முழுக்கச் சூடாக்கி, ஐசிபி-எம்எஸ்ஸில் (கரைசலில் உள்ள தனிமங்களை அளக்கும் கருவி) கொடுக்கிறேன். ஒரே பையில் எடுத்த மூன்று மாதிரிக்கும் சீரியம் மூன்று விதம். ஒன்றில் மற்றதைப் போல இரண்டு மடங்கு. கிண்ணத்தின் அடியில் வெள்ளையாக ஏதோ தங்குகிறது. கையடக்க எக்ஸ்ஆர்எஃப்பை (எக்ஸ் கதிரால் தனிமங்களை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் அது நாலாவதாக ஓர் எண்ணைச் சொல்கிறது. இயந்திரக் கோளாறா? அடுத்த கிழமை சேரிடம் காட்ட வேண்டும்.

நானுஓயா அக்கா:
இயந்திரத்தைத் திட்டுவதற்கு முன் ஒரு கேள்வி: மணலை அரைத்தீர்களா? "அப்படியே" என்று எழுதியிருப்பதுதான் இடிக்கிறது. சீரியம் பெரும்பாலும் மொனசைட் என்ற கனிமத்தில் இருக்கும். அந்த மணிகளோ கொஞ்சம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.3 மில்லிமீட்டர் மொனசைட் மணி ஒன்று ஏறக்குறைய 70 மைக்ரோகிராம். அதில் கால்வாசி சீரியம் என்றால் 17 மைக்ரோகிராம். உங்கள் 50 மில்லிகிராமில் ஒரே ஒரு மணி கூடினால் போதும், விடை 340 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 340 பங்கு) ஏறிவிடும். சோற்றில் கல் கடிபடுவது மாதிரி, எந்தப் பிடியில் வரும் என்று சொல்ல முடியாது. கூம்பாகக் குவித்து நாலாகப் பிரித்து, அகேட் உரலில் மாவாக அரைத்து, அதிலிருந்து எடுங்கள்.

கம்பளை:
எக்ஸ்ஆர்எஃப் சொல்லும் சீரியத்தை இங்கே நம்ப வேண்டாம். இல்மனைட், ரூட்டைல் என்ற டைட்டேனியக் கனிமங்கள் நிறைந்த மணல். டைட்டேனியத்தின் கே-பீட்டா எக்ஸ் கதிர்க் கோடு 4.93 கிலோ இலத்திரன் வோல்ட், சீரியத்தின் எல்-அல்பா 4.84. இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் சிர்க்கோனியத்துக்கு அதே கருவி நல்லது. அந்த எண்ணை உங்கள் கரைசலில் வந்த சிர்க்கோனியத்தோடு ஒப்பிடுங்கள். கரைசலில் குறைவாக இருந்தால் சிர்கன் (சிர்க்கோனியம் உள்ள கனிமம்) கரையவில்லை, அதற்குள் இருக்கும் பார அருமண்களும் வெளியே வரவில்லை என்று அர்த்தம்.

அப்புறம், ஐதரோபுளோரிக் வைத்திருப்பவர் பக்கத்தில் கல்சியம் குளுக்கோனேட் ஜெல் (அந்த அமிலம் தோலில் பட்டால் தடவுவது) இருக்க வேண்டும். இருக்கிறதா?

பொகவந்தலாவைத் தம்பி:
ஜெல் இருக்கிறது அண்ணா. சிர்க்கோனியம் எக்ஸ்ஆர்எஃப்பில் சொன்னதில் பாதிகூட வரவில்லை. அப்படியென்றால் அந்த வெள்ளைப் படிவு சிர்கனா?

நானுஓயா அக்கா:
கொஞ்சம் சிர்கன், கொஞ்சம் புளோரைட்டாக இருக்கலாம். இலந்தனம், சீரியம் எல்லாம் புளோரைட்டோடு சேர்ந்தால் கரையாமல் அடியில் போய் உட்கார்ந்துவிடும். போரிக்கமிலம் விட்டு மெல்லச் சூடாக்கிப் பாருங்கள். மறைவது புளோரைட். கண்ணாடித் துண்டு மாதிரி மினுங்கிக்கொண்டு மிஞ்சுவது சிர்கன்.

ஆனாலும் சிர்கன் உள்ள மணலுக்கு அமிலத்தோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை. லித்தியம் போரேட்டில் 1000 பாகைக்குக் கொஞ்சம் மேலே உருக்கி, ஐதான நைத்திரிக்கில் கரையுங்கள். உப்பு கூடுதலாக இருக்கும், ஆகவே நன்றாக ஐதாக்கித்தான் கருவிக்குக் கொடுக்க வேண்டும். இன்னொன்று: எங்கள் பக்கத்துப் பனியில் போரேட் டப்பாவைத் திறந்து வைத்தால் ஈரம் இழுத்துவிடும். நிறுப்பதற்கு முன் உலர்த்துங்கள். நான் ஒருமுறை மறந்துபோய் ஒரு நாள் வேலை வீணானது.

பொகவந்தலாவைத் தம்பி:
போரிக் விட்டதும் பாதி மறைந்தது, மினுங்கல் மட்டும் மிஞ்சியது. பிறகு அரைத்து, உருக்கிச் செய்தேன். மூன்று மாதிரியும் இப்போது கிட்டத்தட்ட ஒன்றாக வருகின்றன, அக்காவுக்கு ஒரு கும்பிடு. ஒரு சந்தேகம் மட்டும்: கொண்ட்ரைட் என்ற விண்கல்லோடு ஒப்பிட்டு வரைந்தால் யூரோப்பியம் என்ற அருமண்ணில் பெரிய பள்ளம். பேரியம் ஒட்சைட்டின் குறுக்கீடா?

கம்பளை:
பேரியம் ஒட்சைட் யூரோப்பியத்தின் திணிவுகளான 151லும் 153லும் வந்து விழும். அது யூரோப்பியத்தைக் கூட்டிக் காட்டும், குறைக்காது. உங்கள் பள்ளம் மொனசைட்டுடையது. சேரிடம் தயங்காமல் காட்டுங்கள்.