முலாம் பூசிய ஒற்றைக் காசு மட்டும் கறுக்கிறது: காரணம் என்ன?

நண்பர்களே, கண்காட்சிக்காக ஒரு காசுமாலை செய்கிறேன். மொத்தம் 100 காசுகள். 99 வெறும் செம்பு, ஒன்றுக்கு மட்டும் தங்க முலாம். லட்சுமி இருக்கவேண்டிய இடத்தில் 'நாள் கூலி' என்று பொறித்திருக்கிறேன். 1980இல் சுவிஸ் நகைக் கலைஞர் ஓட்டோ கூன்ஸ்லி கறுப்பு ரப்பர் வளையலுக்குள் தங்க உருண்டையை ஒளித்து, 'தங்கம் கண்ணைக் குருடாக்கும்' என்று பெயர் வைத்தாரே, அந்த வளையல் தந்த துணிச்சல் இது.

சிக்கல் அந்த ஒற்றைக் காசில்தான். முலாம் பூசிய 12ஆம் நாள், வளையம் பற்றவைத்த இடத்தில் கறுப்புப் புள்ளி தோன்றியது. இப்போது பாதிக் காசுக்குப் பரவிவிட்டது. (பணக்காரக் காசு முதலில் கறுப்பது கதைக்குப் பொருத்தம்தான். ஆனால் நான் திட்டமிட்டது அது அல்ல.)

செம்புத் தகடு 0.8 மி.மீ., விட்டம் 18 மி.மீ. வெள்ளிப் பற்றாசு (இணைக்க உருக்கும் உலோகக் கலவை), வெண்காரம் வைத்துப் பற்றவைத்து, கறை நீங்க நீர்த்த கந்தக அமிலத்தில் ஊறவைத்தேன். முலாம் அரை மைக்ரான், செம்பின் மேல் நேரடியாக. செம்பு தங்கத்துக்குள் ஊடுருவாமல் தடுக்கும் நிக்கல் பூச்சு அடியில் இல்லை. வீடு திருவான்மியூரில், கடற்காற்று ஓயாது.

புளி போட்டுத் தேய்த்ததில் முலாமே மெலிந்தது. நிறமற்ற வார்னிஷ் ஒரு வாரத்தில் உரிந்தது. முலாம் கடையில் மறுபடி பூசித் தந்தார்கள். அதுவும் அதே இடத்தில்தான் தொடங்கியது. கண்காட்சிக்கு இன்னும் மூன்று வாரமே இருக்கிறது.

நிக்கல் அடிப்பூச்சு இல்லாததுதான் காரணமா, அல்லது பற்றவைத்த இடுக்கில் தங்கிய அமிலமா?