மறு: கார்ப்பரேட் கவர்னன்ஸ் – நிறும ஆளுகையா, முறைகாப்பா?

நாகர்கோவிலிலிருந்து
கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். திங்கட்கிழமை முதுகலை வணிகவியல் தமிழ்வழி மாணவர்களுக்குப் பாடக்குறிப்பு கொடுக்க வேண்டும். சுற்றுச்சூழல், சமூகம், கவர்னன்ஸ் (கம்பெனியை நடத்திக் கண்காணிக்கும் முறை) மூன்றிலும் ஒழுங்காக நடக்கும் கம்பெனிக்கு லாபம் கூடுகிறதா என்பதுதான் பாடம். இம்மூன்றையும் குறிக்கும் ‘இஎஸ்ஜி’ என்ற சுருக்கம் 2004இல் ஐ.நா. முயற்சியில் வந்த அறிக்கையிலிருந்து பரவியது. சந்தை மதிப்பில் முதல் 1000 இடத்தில் உள்ள பட்டியலிட்ட கம்பெனிகள் 2022-23 முதல் இதுபற்றி அறிக்கை தரவேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கட்டாயமாக்கியும் விட்டது. சஸ்டெயினபிலிட்டி, கவர்னன்ஸ், ஃபைனான்ஷியல் பெர்ஃபார்மன்ஸ் மூன்றுக்கும் நான் ‘நிலைத்தன்மை, ஆளுமை, நிதிச் செயல்திறன்’ என்று எழுதிக்கொண்டு போனேன். “ஆளுமைன்னா பெர்சனாலிட்டிதானே மேம், முதலாளியோட குணத்தையா படிக்கப் போறோம்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். இவற்றுக்கு நல்ல தமிழ்ச்சொல் ஞாயிறு இரவுக்குள் சொல்லுங்கள்.

தக்கலையிலிருந்து
அந்தப் பிள்ளை கேட்டது முற்றிலும் சரி, அம்மா. இ-கவர்னன்சுக்கு ‘மின்னாளுமை’ வந்தபின் இந்தக் குழப்பம் வேரூன்றிவிட்டது. ‘ஆள்’ என்ற பகுதியோடு ‘கை’ சேர்ந்தால் ஆளுகை. ‘மை’ சேர்ந்து ளகரம் ணகரமானால் ஆண்மை. மேலாண்மை, வேளாண்மை எல்லாம் அவ்வழி வந்தவை.
கவர்னன்சுக்கு என் பரிந்துரை ‘முறைகாப்பு’. “இறைகாக்கும் வையகம் எல்லாம் அவனை முறைகாக்கும் முட்டாச் செயின்” (குறள் 547). முறை, அதாவது நீதி, தவறாதவனை அந்த முறையே காக்கும் என்கிறார் வள்ளுவர். உங்கள் பாடத்தின் கேள்வியே அதுதானே?

குலசேகரத்திலிருந்து
ஐயா, குறள் பொருத்தம்தான். ஆனால் முறை என்றதும் நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு முறைமாமன்தான் நினைவுக்கு வருவான். தணிக்கை வேலையில் நான் பார்க்கிற கவர்னன்ஸ் இயக்குநர் குழு, கம்பெனியைச் சாராத இயக்குநர்கள், தணிக்கைக் குழு, சிறு பங்குதாரரின் உரிமை இவ்வளவும்தான். சத்யம் என்ற ஐ.டி. கம்பெனி 2008இல் இதே கவர்னன்சுக்கு விருது வாங்கியது. 2009 ஜனவரியில், இல்லாத பணத்தைக் கணக்கில் காட்டினோம் என்று அதன் தலைவரே கடிதம் எழுதினார். பங்கு விலை அன்றே விழுந்தது. அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மாணவன் சொல்லைப் பார்த்தால் உடனே பொருள் விளங்க வேண்டும். நிறுமம் என்றால் கம்பெனி, ‘நிறும ஆளுகை’ போதும்.
நிலைத்தன்மை வேண்டவே வேண்டாம். விலை ஆடாமல் நின்றாலும் அதே சொல்தான். பாடநூல்களில் ‘வளங்குன்றா வளர்ச்சி’ இருக்கிறதே. இங்கே ரப்பர் வைத்திருக்கிற எந்த வீட்டுக்கும் அதை விளக்கத் தேவையில்லை. இந்த மாதச் சிரட்டை நிறைய வேண்டும் என்று தினம் பால் வெட்டினால் பட்டை வறண்டு மரத்தில் பாலே நின்றுபோகும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுகிறவனுக்கு இந்த மாதம் வரவு குறைவு, ஆனால் மரம் பல வருசம் கொடுக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து
எங்கட மத்திய வங்கி அறிக்கைகளில் ‘கூட்டாண்மை ஆளுகை’ என்றே உள்ளது. சஸ்டெயினபிலிட்டிக்கு ‘நிலைபேறு’ என்ற சொல்லும் இங்கே நன்கு பழகிவிட்டது. இரு கரைக்கும் பொதுச்சொல் இருந்தால் நல்லது.

நாகர்கோவிலிலிருந்து
அண்ணா, எங்கள் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பதிவியலில் கூட்டாண்மை என்றால் பார்ட்னர்ஷிப். அதைப் போட்டால் பிள்ளைகள் லாபப் பகிர்வு விகிதம் போட ஆரம்பித்துவிடுவார்கள். நிலைபேறு எனக்குப் பிடிக்கிறது. பெர்ஃபார்மன்சுக்கு ‘நிதி விளைவு’ சரியா?

மார்த்தாண்டத்திலிருந்து
அக்கா, தயவுசெய்து விளைவு வேண்டாம். எது காரணம், எது விளைவு என்பதில்தான் ஆய்வாளர்களுக்குள் சண்டையே. 2000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி 2015இல் வந்த தொகுப்பாய்வில், ஏறத்தாழ 90 விழுக்காட்டில் இஎஸ்ஜிக்கும் நிதிச் செயல்பாட்டுக்கும் எதிர்மறை உறவு இல்லை என்றார்கள். உறவே இல்லை என்று கண்ட ஆய்வுகளும் அந்த 90க்குள் அடக்கம். லாபம் கொழிக்கும் கம்பெனிதான் கழிவுநீர் சுத்திகரிப்புக்குச் செலவழிக்க முடியும் என்று தலைகீழாகவும் வாதிடலாம். தலைப்பில் ‘விளைவு’ வந்துவிட்டால் கேள்விக்கு முன்பே பதில் சொன்னதாகிவிடும்.
செயல்திறனும் இடறும்; வகுப்பில் அது எஃபிஷியன்சி. ‘நிதிச் செயல்பாடு’ என்று வைத்து, அதற்குள் சொத்து மீதான வருவாய், பங்கின் சந்தை மதிப்பு இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். முதலாவது நடந்து முடிந்த ஆண்டின் கணக்கு. இரண்டாவதில் சந்தையின் எதிர்பார்ப்பும் கலந்திருக்கிறது.
இன்னொன்று. சுற்றுச்சூழல், சமூகம், கவர்னன்ஸ் மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கப் பார்க்காதீர்கள். முப்பந்தலில் காற்றாலை வைத்திருக்கும் ஒரு நூற்பாலைக்குச் சுற்றுச்சூழலில் நல்ல மதிப்பெண் கிடைக்கலாம். அதே ஆலையின் இயக்குநர் குழுவில் ஒரே குடும்பம் உட்கார்ந்திருக்கலாம்.

நாகர்கோவிலிலிருந்து
எல்லோருக்கும் நன்றி. பெரும்பாலோர் கேட்டபடி ‘நிறும ஆளுகை’, ‘வளங்குன்றாமை’, ‘நிதிச் செயல்பாடு’ என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். ‘விளைவு’ என்ற சொல் வந்த இடமெல்லாம் ‘தொடர்பு’ ஆகிவிட்டது. நிலைபேறு அடிக்குறிப்பில் வரும்.

தக்கலையிலிருந்து
அச்சிடுங்கள் அம்மா, தடுக்கவில்லை. ஆனால் என் மறுப்பு பதிவாகட்டும். ஆளுகையில் ஆள்பவன் மட்டுமே தெரிகிறான். அவனைக் கட்டுப்படுத்தும் நெறி தெரியவில்லை. சத்யத்திலும் ஆளுகைக்குக் குறைவிருக்கவில்லை, அந்த நெறிதான் இல்லை.

குலசேகரத்திலிருந்து
ஐயா சொல்வதை மறுக்க முடியவில்லை, இருந்தாலும் என் ஓட்டு ஆளுகைக்கே. செபி அந்த இஎஸ்ஜி அறிக்கையின் முக்கியப் பகுதிகளுக்கு வெளியாரின் மதிப்பீடோ ‘அஷ்யூரன்ஸோ’ (சரிபார்த்து, சரிதான் என்று சொல்வது) வேண்டும் என்கிறது. ‘உறுதியளிப்பு’ என்றால் வாக்குறுதி போல் இருக்கிறது. ‘சான்றுரை’ என்றால் தணிக்கைச் சான்றோடு மோதுகிறது. அதற்கு என்ன போடுவது?