டைனோசர்கள் அழிந்தது விண்கல்லாலா, தக்காண எரிமலையாலா? நுண்புதைபடிவங்கள் யார் பக்கம்?

கருங்கல்:
பேரழிவு என்றாலே மெக்சிகோவில் விழுந்த விண்கல் என்று முடித்துவிடுகிறோம். அதே 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகக் கொட்டியதை ஏன் ஓரம்கட்டுகிறோம்? ராஜமுந்திரி குவாரிகளில் இரண்டு குழம்புப் பாறைகளுக்கு நடுவே கடல் படிவு சிக்கியிருக்கிறது. அதிலுள்ள ஃபோராமினிஃபெரா ஓடுகள் (ஒருசெல் கடலுயிரி) பேரழிவு முடிந்த கையோடு தோன்றிய இனங்கள் என்று தொல்லுயிரியலாளர் கெர்டா கெல்லரின் குழு 2008-இல் காட்டியது. அப்படியென்றால் கீழே உள்ள குழம்பு பேரழிவை ஒட்டித்தான் கொட்டியிருக்கிறது. இதைத் தற்செயல் என்று தள்ள முடியுமா?

கடலாடி:
கருங்கல் சார், ஒட்டி நடந்தது வேறு, அதனால் நடந்தது வேறு. இத்தாலியின் குப்பியோவைப் பாருங்கள். சுண்ணாம்புக்கல்லுக்கு நடுவே விரல் கனத்துக்கு ஒரு களிமண் அடுக்கு. கீழே உள்ள கல்லை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், விளிம்பு கட்டிய பெரிய குளோபோட்ரங்கானா (ஒரு ஃபோராமினிஃபெரா வகை) ஓடுகள் தெரியும். மேலே உள்ள கல்லில் அந்த வகையே இல்லை; பொடிப்பொடியான, எளிய ஓடுகள்தான். நடுவிலுள்ள களிமண்ணில்தான் வழக்கத்தைவிடச் சுமார் 30 மடங்கு இரிடியம் (விண்கற்களில் மிகுந்தும் பூமியின் மேற்பரப்பில் அரிதாகவும் உள்ள உலோகம்) இருப்பதாக, விண்கல் கருத்தை முன்வைத்த அல்வாரெஸ் குழு 1980-இல் சொன்னது. பல லட்சம் ஆண்டு எரிமலைப் புகை இப்படிக் கோடு கிழித்தாற்போல் வெட்டாது.

கருங்கல்:
துனிசியாவின் எல் கெஃப்பில் படிவு தடிமன் அதிகம், காலத்தை விரித்துப் படிக்கலாம். கெல்லர் அங்கே எண்ணியபோது பல இனங்கள் எல்லைக்கு (பேரழிவைக் குறிக்கும் அடுக்கு) கீழேயே ஒவ்வொன்றாக மறைந்திருந்தன. இது ஒரே நாளில் நடந்த அழிவா?

சல்லடை:
கல்லூரியில் இந்த வேலை பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். படிவை ஊறவைத்து, 63 மைக்ரான் சல்லடையில் அலசி, காயவைத்து, ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொரு ஓடாகப் பொறுக்க வேண்டும். அரிதான இனம் ஒரு மாதிரியில் ஒன்றோ இரண்டோ கிடைக்கும், அடுத்ததில் கிடைக்காது. அதற்காக அது அழிந்துவிட்டது என்று எழுத முடியாது. அரிய இனங்கள் உண்மையைவிட முன்கூட்டியே மறைந்ததுபோலத் தெரியும். தொல்லுயிரியலாளர்கள் சிக்னரும் லிப்ஸும் 1982-இல் எச்சரித்தது இதைத்தான். எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு: எல்லைக்கு மேலே கிடைக்கும் பழைய ஓடு, பிழைத்த உயிருடையதா, நீரோட்டம் அரித்துக் கொண்டுவந்து போட்டதா? எல் கெஃப் மாதிரிகளை எந்த அடுக்கு என்று சொல்லாமல் நான்கு ஆய்வாளர்களிடம் கொடுத்தும் சோதித்தார்கள். முடிவு தங்களுக்கே சாதகம் என்று இரு தரப்பும் சொன்னது.

கடலாடி:
அதனால்தான் எண்ணிக்கையோடு நிற்காமல் ஓட்டின் வேதியியலுக்கும் போனார்கள். ஓடு வளரும்போது கடல்நீரின் அமிலத்தன்மை அதன் போரான் ஐசோடோப்பில் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின் விகிதத்தில்) பதிந்துவிடும். நெதர்லாந்தில் ஒரு குகைக் களிமண்ணிலும் ஆழ்கடல் துளைகளிலும் எடுத்த ஓடுகளை அளந்து 2019-இல் வெளியிட்டார்கள். பேரழிவுக்கு முன் கடல் மெல்ல அமிலமானதற்குத் தடயம் இல்லை. விண்கல் விழுந்த பின் பிஎச் (குறைந்தால் அமிலம் கூடியது என்று காட்டும் அளவு) சுமார் 0.25 சட்டென்று சரிந்திருக்கிறது.

கருங்கல்:
வெப்பத்தை விட்டுவிட்டீர்களே. எல்லைக்கு முன் கடல் சுமார் 2 டிகிரி சூடேறியதை இதே வகை ஓடுகளின் ஆக்சிஜன் ஐசோடோப்பு காட்டுகிறது. அது தக்காணத்தின் வேலைதானே?

கடலாடி:
ஆமாம், தக்காணத்தின் வேலைதான். ஆனால் விண்கல் விழும் முன்பே அந்தச் சூடு தணிந்துவிட்டது. 2020-இல் வந்த ஆய்வு அதைத்தான் சொல்கிறது.

கருங்கல்:
குழம்பின் பெரும்பகுதி எல்லைக்கு முன்பா பின்பா என்பதே முடிவாகவில்லையே. 2019-இல் ஒரே இதழில் வந்த இரு கட்டுரைகளில், ஜிர்கான் என்ற கனிமத்தை வைத்து வயதைக் கணித்தது அழிவுக்குச் சற்று முன் ஒரு பெருவீச்சு என்கிறது. பாறையில் சிக்கிய ஆர்கான் வாயுவை வைத்துக் கணித்தது முக்கால் பங்கு பிறகுதான் என்கிறது. பிறகு என்றே வைத்துக்கொள்வோம். கடல் மீளத் தாமதமானதற்குத் தக்காணம் காரணமாக இருக்கலாம் அல்லவா?

சல்லடை:
அது நியாயமான கேள்வி. ஆனால் அதை இன எண்ணிக்கையால் மட்டும் தீர்க்க முடியாது. எல்லைக்கு மேலுள்ள அடுக்குகளில் கெடாத ஓடுகள் தொடர்ச்சியாகக் கிடைக்க வேண்டும். மறுபடிகமான (புதைந்த பின் கரைந்து மீண்டும் படிகமான) ஓட்டில் கடல்நீரின் பதிவு அழிந்திருக்கும். அதை அளந்து வரும் எண்ணை இரு தரப்புமே நம்பக் கூடாது.