இட்லிப்பூ, ரோஜா எல்லாம் மஞ்சள் அடிக்கிறது, அவசர உதவி தேவை

வாசல்திண்ணை:
வணக்கம். புது வீட்டின் முன்பக்கம் காட்டேஜ் பாணியில் பூச்செடி, மூலிகை, கீரை எல்லாம் கலந்து நெருக்கமாக நட்டோம். முதலில் நன்றாக வந்தது. இப்போது இட்லிப்பூ, ரோஜா, செம்பருத்தி மூன்றும் மஞ்சள் அடிக்கின்றன. உரம் போட்டும் மாறவில்லை. அம்மா ஆசையாகக் கேட்ட தோட்டம். என்ன மருந்து அடிப்பது? சீக்கிரம் சொல்லுங்கள்.

கொல்லைப்புறம்:
எந்த ஊர்? இடம் எவ்வளவு? வெயில் எந்தப் பக்கம்? மஞ்சள் அடிப்பது கொழுந்தா, அடியிலையா? ஒரு போட்டோ போடுங்கள்.

பச்சைத்துண்டு:
செம்பருத்தி என்கிறீர்கள், அப்போது மாவுப்பூச்சிதான். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் அடியுங்கள். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும்.

நாட்டுரகம்:
கடை உரத்தை முதலில் நிறுத்துங்கள். பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளித்தால் தானாகப் பச்சை கட்டும். எங்கள் வீட்டில் எல்லாச் செடிக்கும் அதுதான்.

வேர்முடிச்சு:
இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்துவிட்டது! ஊர் இல்லை, மண் இல்லை, தண்ணீர் இல்லை, மருந்து மட்டும் வேண்டும். நாடி பார்க்காமல் கஷாயம் கேட்கிற மாதிரி இருக்கிறது. பதில் சொல்பவர்களும் அப்படியே. கொழுந்தா அடியிலையா என்று தெரியாமல் பூச்சி, கவ்யம் என்று ஆரம்பித்துவிட்டீர்கள்.

வாசல்திண்ணை:
தாம்பரம் பக்கம் சார். வாசல்படிக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவில் 8க்கு 12 அடி. மேற்கு பார்த்த வாசல். கொழுந்துதான் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. ஓரத்தில் ஒரு அரளி இருக்கிறது, அது மட்டும் நன்றாக இருக்கிறது.

மாடிப்பந்தல்:
நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள் என்றால் மெக்னீசியம் குறைவு. எப்சம் உப்பு லிட்டருக்கு ஒரு ஸ்பூன்.

வேர்முடிச்சு:
மெக்னீசியம் குறைந்தால் அடியிலையில் தொடங்கும், ஏனென்றால் செடி அதைப் பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். இரும்பு அப்படி நகராது. கொழுந்தில் வந்தால் இரும்பு. காம்பவுண்ட் ஓரத்து இட்லிப்பூவுக்கு இது வழக்கமாக வருகிற தொல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் ஆலோசனை சொல்லக் கூடாது.

மாடிப்பந்தல்:
சரி, இரும்புதான். அதைக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லலாமே.

நாட்டுரகம்:
மூல காரணம் வேறு. நம் ஊர் வெயிலுக்கு எதற்கு வெள்ளைக்காரன் தோட்டம்? நாட்டுச் செடி வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே கிடையாது.

கொல்லைப்புறம்:
அண்ணா, அவர் வைத்திருக்கும் இட்லிப்பூ நம் பக்கத்துச் செடிதான், அதுதானே முதலில் மஞ்சள் அடித்தது. நாம் கோயிலுக்குக் கட்டும் செண்டுமல்லி மெக்சிகோ, வாசலில் தானாக முளைக்கும் நித்யகல்யாணி மடகாஸ்கர், சட்னியில் போடும் மிளகாயும் அமெரிக்கக் கண்டம். காட்டேஜ் தோட்டம் இங்கிலாந்தில் கூலி வேலைக்காரர்கள் கோஸும் மூலிகையும் பூவும் ஒரே பாத்தியில் போட்டு வளர்த்தது. நம் கொல்லையிலும் அதுதானே நடக்கிறது.

நாட்டுரகம்:
மிளகாயை ஏன் இழுக்கிறீர்கள்? கனகாம்பரம், டிசம்பர்ப்பூ, சங்குப்பூ இருக்கும்போது லாவண்டரைத் தேடி ஓடுவதைத்தான் சொல்கிறேன்.

பச்சைத்துண்டு:
லாவண்டர் பற்றி யாருமே பேசவில்லையே.

செம்மண்கரை:
விஷயத்துக்கு வருவோம். புது வீடு, சுவர் ஓரம், அரளி மட்டும் தப்பித்திருக்கிறது. எனக்கு மண்ணில்தான் சந்தேகம். வீடு கட்டியவர்கள் மீந்த சிமென்ட் கலவை, செங்கல் துண்டு எல்லாவற்றையும் முன்பக்கம் கொட்டி, மேலே அரை அடி செம்மண் பரப்பிவிட்டுப் போவது வாடிக்கை. கலவையில் இருக்கும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடும் (அமிலத்துக்கு எதிர்), அரளி அதைத் தாங்கும். இரும்பு மண்ணில் இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது.

ரோஜாவுக்குப் பக்கத்தில் ஒரு அடி தோண்டி, கைப்பிடி மண்ணைப் பழைய தட்டில் பரப்புங்கள். பட்டாணி அளவில் வெள்ளைக் கட்டி கிடந்தால் தூளாக்கி, வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டுப் பாருங்கள். சுர்ரென்று நுரைத்தால் சுண்ணாம்புதான். சரியான அளவு தெரிய வேண்டுமென்றால் வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம்.

இப்போதைக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராம், எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) 1 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர். வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்கள். இந்த மண்ணில் ஊற்றினால் வீண். டைல்ஸில் பட்டால் துருக்கறை போகாது, சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். அப்புறம், எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் தம்பி?

வேர்முடிச்சு:
செம்மண்கரை ஐயா சொல்வது சரி. கடையில் இரும்புச் சத்து வாங்கி மண்ணில் போடுவதானால் ஈ-டி-டி-ஏ (EDTA) வகை காரமண்ணில் நிற்காது, ஈ-டி-டி-ஹெச்-ஏ (EDDHA) என்று கேட்டு வாங்க வேண்டும். மண்ணின் காரம் குறையக் கந்தகம் போடச் சொல்லி அடுத்து யாராவது வருவார்கள். கட்டடக் குப்பை கிடக்கும் வரை அந்தச் சுண்ணாம்பே கந்தகத்தை விழுங்கிவிடும்.

வாசல்திண்ணை:
போர் தண்ணீர். ஆர்ஓ மெஷினில் வெளியேறும் தண்ணீரையும் வீணாக்காமல் ரோஜாவுக்கு ஊற்றுகிறோம்.

செம்மண்கரை:
அதை இன்றே நிறுத்துங்கள். போர் தண்ணீரின் உப்பு அதில் இன்னும் கெட்டியாக இருக்கும், வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மாடித் தண்ணீரை டிரம்மில் பிடித்தால் ரோஜாவுக்கு அதுவே போதும்.

நாட்டுரகம்:
சங்குப்பூ விதை வேண்டுமானால் தருகிறேன். மேற்குச் சுவரில் படரவிட்டால் சுவர்ச்சூடு குறையும்.

வாசல்திண்ணை:
எலுமிச்சை விட்டேன், நுரைத்தது. முக்கால் அடியில் கலவைக் கட்டியும் ஓட்டுத் துண்டுகளும். ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார். எல்லோருக்கும் நன்றி.

செம்மண்கரை:
ஒன்றரை அடி எடுத்து, செம்மண்ணும் மக்கிய எருவும் போடுங்கள். மழைநீர்க் குழி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தோண்டச் சொல்லுங்கள். அரளியைத் தொட வேண்டாம்.

மாடிப்பந்தல்:
என் இட்லிப்பூவில் அடியிலைதான் மஞ்சள். அப்போது எப்சம் உப்பு போடலாம் அல்லவா?