தீபாவளிக்கு ஒப்பந்ததாரர் வீட்டுக்கு அனுப்பிய பெட்டி: எப்படித் திருப்பிக் கொடுப்பது?

காவிரிக்கரை:
வணக்கம் தோழர்களே. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குரூப் சி பணியில் இருக்கிறேன். ஒப்பந்ததாரர்களின் பில்களைச் சரிபார்த்து மேலே அனுப்புவது என் வேலை. நேற்று நான் வீட்டில் இல்லாத நேரத்தில் ஒப்பந்ததாரர் ஒருவரின் ஆள் வந்து, "மேடத்துக்கு தீபாவளி ஸ்வீட்" என்று மாமியாரிடம் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மேலே முந்திரி கத்லி, அடியில் ஒரு சின்ன வெள்ளிக் காசு. அவருடைய பில் இப்போது என் மேஜையில்தான் இருக்கிறது. "2,000 ரூபாய் வரைக்கும் வாங்கலாம், ரூல் இருக்கு" என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. கத்லியைப் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டார்கள். என்ன செய்வது?

நிலவன்:
அவர் சொல்லும் வரம்பு உண்மைதான். 1964ஆம் ஆண்டு மத்திய குடிமைப் பணி நடத்தை விதிகளில் 13ஆம் விதி. 2019இல் திருத்தியபோது குரூப் ஏ, பி ஊழியர்களுக்கு 1,500இலிருந்து 5,000 ஆகவும், குரூப் சி ஊழியர்களுக்கு 500இலிருந்து 2,000 ஆகவும் உயர்த்தினார்கள். அதற்கு மேல் போனால் அரசின் அனுமதி வேண்டும்.

ஓய்வூதியர்:
அந்த 2,000ஐ மட்டும் பிடித்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள், அம்மா. நடத்தை விதி ஒன்று, ஊழல் தடுப்புச் சட்டம் வேறு. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு உங்கள் நிலைமைக்கே எழுதியது போல இருக்கும். தன் கையில் இருக்கும் வேலையோடு தொடர்புள்ளவரிடம் ஈடு கொடுக்காமல் ஆதாயம் பெறுவது குற்றம். தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை. இத்தனை ரூபாய்க்குக் கீழே பரவாயில்லை என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. பில் மேஜையில் இருக்கும்போது வந்த காசு, நூறு ரூபாய் பெறுமானமானாலும் வேண்டாம்.

மாமியார் வாங்கினார், நான் வாங்கவில்லை என்றும் சொல்ல முடியாது. குடும்பத்தாரை வாங்க விடுவதையும் 13ஆம் விதி சேர்த்தே தடுக்கிறது. பாவம், அவருக்கு இது தெரிந்திருக்காது. இனி யார் எது கொண்டுவந்தாலும் வாங்க வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவையுங்கள்.

இன்றைக்கே காசை ரசீது கிடைக்கும் தபாலில், ஒரு கடிதத்தோடு திருப்பி அனுப்புங்கள். கத்லி சாப்பிட்டாகிவிட்டதை மறைக்காமல் எழுதி, கடை விலையை அவருக்குச் செலுத்திவிடுங்கள். கடித நகலோடு பிரிவு அதிகாரிக்கு ஒரு குறிப்பு வையுங்கள். அந்த பில்லை வேறொருவர் பார்க்கட்டும் என்று அதிலேயே கேளுங்கள். ஆனால் பில்லைக் கிடப்பில் போடாதீர்கள். அதுவும் தப்பாகத்தான் தெரியும்.

காவிரிக்கரை:
ரொம்ப நன்றி ஐயா. அதிகாரி "சின்ன விஷயம், விடுங்க" என்று சொல்லிவிட்டால்?

ஓய்வூதியர்:
சொல்லட்டும். வாய்மொழியாக மட்டும் பேசாமல், குறிப்பைத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

நிலவன்:
ஒரு சந்தேகம். சைட்டுக்குப் போனால் டீ கொடுக்கிறார்கள், அதையும் மறுக்கணுமா?

ஓய்வூதியர்:
இல்லை தம்பி. எப்போதாவது ஒரு சாப்பாடு, வண்டியில் ஒரு லிஃப்ட், சாதாரண உபசாரம் ஆகியவை பரிசாகாது என்று விதியிலேயே இருக்கிறது. அலுவல் தொடர்புள்ள நிறுவனங்களிடம் அடிக்கடி விருந்து, ஆடம்பர உபசாரம் என்று போனால்தான் தவிர்க்கச் சொல்கிறது.

காவிரிக்கரை:
காசை அனுப்பிவிட்டேன், கத்லி விலையையும் கட்டியாகிவிட்டது. குறிப்புக்கு முத்திரை வாங்கினேன். பில் அடுத்த பிரிவுக்குப் போய்விட்டது.